இரட்சணிய யாத்திரிகத்தில் கட்டுண்ட கடவுள்

சாம்பற் புதனில் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு முன்னாளோடு நிறைவுறும் நாற்பது நாள்களை, இடைவரும் ஞாயிறுகளை நீக்கிக் கணக்கிட்டுக் கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். நோன்பு, செபம், ஈகை என்னும் மூன்றும் இந்நாள்களுக்கு உரிய ஒழுக்கங்களாகச் சொல்லப்படும். இம்மூன்றோடு வாசிப்பையும் சேர்த்துக் கொள்வது தகும். கடவுள் மனிதர்மேல் கொண்ட அன்பு எத்தன்மையது என்பதை நினைந்து பார்த்தற்கென்றே ஒதுக்கப்பட்ட காலம் இஃது. அவ்வன்பைத் தமிழ் எவ்வாறு சொல்லியிருக்கிறது என்பது தமிழறிந்தார் யாவர்க்கும் உரிய வினா. கிறித்தவர்க்கு மட்டும் உரியது அன்று. அவ்வினாவுக்கு விடை தேடுவார் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்துள், குமார பருவத்தில் அமைந்த இரட்சணிய சரித படலத்தைக் கட்டாயம் திறந்து பார்த்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஜொகூர் மாநிலத்தில், குறிப்பாக எம் மாசாய் வட்டாரத்தில், இதனைச் சொல்ல ஒரு காரணமும் உண்டு. சபாவிலும் சரவாக்கிலும் பெரிய வெள்ளி பொது விடுமுறை. தீபகற்பத்தில் அவ்வாறு இல்லை. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தமையால், பெரிய வெள்ளி தானாகவே ஓய்வு நாளாயிற்று. 2025 சனவரி முதல் வார விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகவே இப்போது பெரிய வெள்ளியன்று பள்ளி மணி அடிக்கும். கிறித்தவ மாணவரும் ஏனைய மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் படிப்பர். அவ்வகுப்பில் கிறித்தவத் தமிழ் இலக்கியம் எனப் பெயர் சொல்லத்தக்க ஒன்று உண்டா என ஒரு மாணவன் வினவினால், 'தேம்பாவணி' என்னும் ஒரு சொல்லோடு பலர் நின்றுவிடுகின்றனர். வீரமாமுனிவரின் தேம்பாவணி பெருங்காப்பியமே, ஐயமில்லை. ஆயின் அதன் தலைவர் வளனார், அஃதாவது சூசையப்பர். பாடுகளின் வரலாற்றை நடுவில் நிறுத்தி நோக்குதற்கு வேறு நூல் வேண்டும்.

கிருட்டிணபிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தவர், வைணவக் குடியினர், கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச் சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் நெடுங்காலம் உழைத்து இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து, பாடல்கள் 3766. 1900-இல் அவர் மறைந்தார். தமிழாசிரியராகப் பணி செய்துகொண்டே ஒருவர் இத்துணைப் பெரிய நூலை முடித்தார் என்பதை எண்ணும்போது, ஆண்டிறுதி அறிக்கைகளுக்கே நேரம் போதாமல் தவிக்கும் நம் போன்றார்க்கு வியப்பு மேலிடும்.

இந்நூல் ஆங்கிலக் கிறித்தவராகிய ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடைக் கதையைத் தழுவியது என்பது பலரும் அறிந்ததே. தழுவல் என்றவுடன் மூலத்திற்குக் கீழ்ப்பட்டது எனக் கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்நூலைப் பொறுத்தவரை அவ்வழக்கம் பிழைபட்டது. பனியனின் கதையில் முதுகிற் சுமையோடு புறப்படும் பயணி, ஒரு மேட்டில் நிற்கும் சிலுவையை அடைகிறான். அடைந்தவுடன் சுமை கழன்று உருண்டு கீழுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் மகிழ்கிறான், அழுகிறான், ஒளிபொருந்திய மூவர் வந்து வாழ்த்துகின்றனர், பாடிக்கொண்டே மேலே நடக்கிறான். அச்சிலுவையில் தொங்கியவர் என்ன பட்டார், எவ்வாறு பட்டார் என்பதை விரித்துக் காட்டப் பனியன் அங்கே நிற்கவில்லை. அவன் எழுதியது திருமறையை நாள்தோறும் ஓதிய மக்களுக்கு. அவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை. அவன் கண் முழுதும் பயணியின் மேலேயே உள்ளது. வழி நெடுக வீழ்தலும் எழுதலும் அஞ்சுதலும் பயணிக்கே உரியன.

கிருட்டிணபிள்ளை செய்த பெருமாற்றம் இவ்விடத்திலேதான் உள்ளது. பயணத்தை நிறுத்தி, இயேசு பெருமான் பிடிபட்டதும் விசாரிக்கப்பட்டதும் எள்ளப்பட்டதும் சிலுவையில் அறையப்பட்டதும் ஆகிய வரலாற்றைத் தனிப் படலமாகவே அவர் விரித்தார். இது வெறும் சேர்க்கையன்று. நூலின் எடையே இதனால் இடம் மாறிவிடுகிறது. மனிதன் கடவுளை நோக்கி நடக்கும் கதைக்குள், கடவுள் மனிதனை நோக்கி நடந்து வந்த கதை புகுத்தப்படுகிறது. புகுத்தப்பட்ட பின்னர் முன்னதைக் காட்டிலும் பின்னதே பெரிதாகத் தெரிகிறது. அவதாரக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு வைணவ உள்ளம், இறைவன் இறங்கி வந்ததைச் சொல்லாமல் மனிதன் ஏறிச் சென்றதை மட்டும் சொல்லி அமைதி கொள்ளாது என்பதே நமக்குத் தோன்றும் காரணம்.

அப்படலத்தில் ஒரு பாடல். பகைவர் பெருமானைப் பிணித்து நிறுத்தியிருக்கின்றனர். கவிஞர் படிப்போரை நோக்கித் திரும்பி, அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணிவிட வேண்டா என்கிறார். தம்மைப் பகைத்த இழிந்த மானிடரை நினைந்து உருகும் அன்பே அவரைக் கட்டிற்று. அக்கட்டை அவிழ்க்கும் வலியின்றி இறைமகன் இறுகி நின்றார் என்பது பாடலின் கருத்து. கயிற்றுக்கு அங்கே கவிஞர் தேர்ந்த சொல் 'பாசம்'.

தமிழில் இச்சொல்லுக்கு ஈடாக மூன்று பொருளை ஒருங்கே தாங்கும் சொற்கள் சிலவே. பாசம் என்பது கயிறு. எமன் கையில் இருப்பதும் பாசம். பாசம் என்பது அன்பு. தாய்ப்பாசம் என்று இன்று சிறு குழந்தையும் சொல்லும். பாசம் என்பது சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டி நிற்கும் தளை. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் ஒன்று. கவிஞர் முதற்பொருளை எடுத்துக் கூறி, அதனை மறுத்து, அவ்விடத்தே அன்பை வைக்கிறார். ஆயின் அவர் மறுத்த சொல்லுக்குள்ளேயே அன்பு என்னும் பொருளும் ஒளிந்து கிடக்கிறது. 'கயிறன்று, அன்பு' என்று அவர் சொல்லும்போது, 'பாசமன்று, பாசமே' என்று தமிழ்ச் செவி கேட்டுக்கொள்கிறது. ஆங்கில மூலத்தில் இதற்கு இடமில்லை. பனியனின் மொழி வேறு. தமிழில் எழுதியமையாலேயே பிறந்த நயம் இது. உரைநூல்களில் 'பாசம் - கயிறு' என அருஞ்சொற்பொருள் எழுதி, மாணவனை மனனம் செய்வித்து, அடுத்த பாடலுக்குச் செல்லும் ஆசிரியர் இந்நயத்தைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறைவன் கட்டுண்டு நின்றான் என்னும் கருத்தைக் கிருட்டிணபிள்ளை எங்கிருந்து பெற்றார்? பெருமானைப் பிணித்துக் கொண்டுபோயினர் என்பது யோவான் நற்செய்தியிலேயே உள்ளது. வரலாறு அங்கிருந்து வந்தது. ஆயின் அக்கட்டைக் கண்டு வியக்கும் உள்ளம் பொருநைக் கரையிலிருந்து வந்தது என நாம் கருதுகிறோம். வெண்ணெய் உண்ட கண்ணனை யசோதை உரலோடு கட்டினாள். கயிறு இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே போயிற்று என்றும், அவள் களைத்ததைக் கண்ட கண்ணன் தானே இசைந்து கட்டுண்டான் என்றும் பாகவதம் கூறும். அவ்வெளிமையை நினைந்த நம்மாழ்வார் ஆறு திங்கள் மோகித்துக் கிடந்தார் என்பது வைணவ மரபு. நம்மாழ்வாரைப் பாடவந்த மதுரகவியாரும், கண்ணனைக் கட்டிய அந்த முடிச்சுள்ள சிறு கயிற்றைச் சொல்லியே தம் பதினொரு பாசுரங்களைத் தொடங்கினார். அவ்வாழ்வார்களின் ஆழ்வார்திருநகரி இருக்கும் அதே நெல்லைச் சீமையில் பிறந்து, வைணவம் கேட்டு வளர்ந்த ஒருவர், கெத்செமனித் தோட்டத்தில் கட்டுண்ட இயேசுவைக் காணும்போது கயிற்றை வெறும் கயிறாகக் கண்டிருக்க இயலாது. மத்தேயு நற்செய்தியும் இதற்கு இடந்தருகிறது: தாம் கேட்டால் பன்னிரண்டு படைப்பிரிவுக்கு மேற்பட்ட வானதூதரைத் தந்தை அனுப்புவார் என்று பெருமான் தாமே கூறுகிறார். கேட்கவில்லை. இசைந்து கட்டுண்டார் என்பதே பொருள்.

ஆயினும் இரண்டு கட்டுகளும் ஒன்றல்ல. யசோதை கட்டியது அன்பினால். கட்டுண்டவனும் அன்பினால் கட்டுண்டான். அங்கே இருபுறமும் அன்பு. இங்கே கட்டியவர் பகைவர். கட்டுண்டவர் மட்டுமே அன்பர். மேலே சுட்டிய பாடலில் 'பகைத்த' மானிடர் என்னும் அடை வந்திருப்பது இதனாலேயே. தன்னை நேசிப்பாரிடம் எளியனாதல் வைணவம் பாடிய இறைக்குணம். தன்னைப் பகைப்பாரிடம் எளியனாதல் கிறித்தவம் சிறப்பாக வலியுறுத்திய குணம். முன்னதன் மொழியைக் கொண்டு பின்னதைப் பாடியதே கிருட்டிணபிள்ளையின் ஆற்றல்.

சைவர் ஒருவர் இங்கே தடை எழுப்பக்கூடும். பதி என்றும் பாசத்தின் நீங்கியவன். கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் செயல். கட்டுண்பவன் பதியாதல் எங்ஙனம் என்பர். சித்தாந்த நெறியில் நின்று கேட்கப்படும் நேர்மையான தடை இது; சொல்லழகு காட்டித் தட்டிக்கழிக்கத் தக்கதன்று. ஆயின் சித்தாந்தம் பேசும் அதே சைவரே ஆவணி மூலத்தில் மதுரையில் சொக்கன் மண் சுமந்ததைக் கொண்டாடுகிறார். வந்தி என்னும் கிழவிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்றுக் கூடை சுமந்து, வேலை செய்யாது ஆடிப் பாடி, பாண்டியன் கைப்பிரம்பால் அடியும் பட்டான் இறைவன். தத்துவம் மறுப்பதைப் புராணம் அன்பின்பொருட்டு இசைந்து நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இவ்விரு அடிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. மதுரையில் சொக்கன் முதுகில் விழுந்த அடி பாண்டியன் முதுகிலும் அரசியர் முதுகிலும் அமைச்சர் முதுகிலும் எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது. அண்டம் முழுதும் அவ்வடியை உணர்ந்தது. எங்கும் நிறைந்தவனை அடித்தால் எங்கும் படும் என்பது அதன் தத்துவம். கிருட்டிணபிள்ளையின் படலத்திலோ, போர்வீரர் பெருமானுக்குச் செந்நிற ஆடை போர்த்து, முள்முடி சூட்டி, கோலால் அடித்து எள்ளும்போது கவிஞர் வேறொன்றைக் கண்டு திகைக்கிறார். இக்கொடுமையைக் கண்டும் நிலம் வெடிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை, கடல் வற்றவில்லை, உலகம் இன்னும் நிற்பது ஏன் என்பது அவர் திகைப்பு. மதுரையில் எல்லார்மேலும் விழுந்த அடி, எருசலேமில் ஒருவர்மேல் மட்டுமே விழுகிறது. உலகம் அசையாமல் நிற்கிறது. ஏனெனில் உலகின்மேல் விழவேண்டிய அடியையே அவர் வாங்கிக்கொள்கிறார். இவ்விளக்கத்தைக் கவிஞர் விரித்துச் சொல்லவில்லை. சொல்லாமல், இயற்கையின் அமைதியைக் காட்டி நிறுத்திவிடுகிறார். இயேசு உயிர்விட்டபோது நிலம் நடுங்கிற்று, பாறைகள் பிளந்தன என்று மத்தேயு சொல்வதும் நினைவிற்கு வரும். அது பின்னர் நிகழ்வது. எள்ளப்படும் வேளையில் எதுவும் நிகழாமையே இங்குக் கவிதை.

பெருமானின் வாய்வாளாமையையும் கவிஞர் இவ்வாறே கையாளுகிறார். பழிச்சொற்கள் தீயாய்ச் சுட உள்ளம் வெந்து புண்பட்டது என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். வலி தெரியாத கல்லாக இயேசுவை அவர் ஆக்கவில்லை. வெந்தும் மறுமொழி கூறவில்லை என்பதே பொறுமையின் சிறப்பு. நோவாதவன் பொறுத்தான் என்பதில் பெருமை ஏது?

தவக்காலத்திற்குரிய தமிழ் நூல்களில் இதற்கு நேரெதிர் முனையில் நிற்பது வியாகுலப் பிரசங்கம். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் செய்தது; யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் இந்நாள்களில் இராகத்தோடு வாசித்தும் கேட்டும் கண்ணீர் விட்ட நூல். ஒப்பாரியின் ஓசையும் உரைநடையின் தெளிவும் கலந்த அதன் நடை, எழுத்தறியாதார் நெஞ்சையும் தொட்டது. அதன் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் இரக்கம் வேறு, அன்பை உணர்தல் வேறு. துன்புறுவாரைக் கண்டு அழும்போது நாம் மேலே நின்று கீழே நோக்குகிறோம். அழுது முடித்தபின் துன்புறுத்தியவர்மேல் சினமும் எழுகிறது. கிருட்டிணபிள்ளை நம்மை அழவிடாமல் தடுக்கிறார் என்பதன்று. அழும் நம்மை நோக்கி, அவரைக் கட்டியது நீங்கள் எண்ணும் கயிறன்று என்று சொல்லி, அழுகையின் திசையை மாற்றிவிடுகிறார். இரக்கத்திற்கு உரியவர் அவரா, நாமா என்னும் வினா அங்கே எழுகிறது.

கண்ணதாசனின் இயேசு காவியத்தையும் இங்கே ஒரு சொல் கூறிச் செல்லுதல் வேண்டும். திருச்சிக் கலைக்காவிரியார் வேண்ட அவர் பாடிய அந்நூல், 1981 அக்டோபரில் அவர் மறைந்தபின், 1982-இல் வெளிவந்தது. அர்த்தமுள்ள இந்துமதம் எழுதிய கை இயேசுவையும் பாடியது என்பது தமிழுக்கு அழகு. நம் நாட்டில் கண்ணதாசன் பாட்டறியாத தமிழ் வீடு இல்லை; ஆகவே அந்நூல் எளிதில் உள்ளே நுழையும். எளிமை அதன் வரம். ஆயின் நிகழ்ச்சிகள் ஆற்றொழுக்காய் ஓடிவிடுகின்றன. ஓரிடத்தில் நின்று, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, திகைக்கும் நிலை அதிற் குறைவு. வகுப்பில் முதலில் கொடுக்க அதுவே ஏற்றது. அதோடு நிறுத்துதல் ஏற்றதன்று.

இரட்சணிய யாத்திரிகத்தின் குறைகளை மறைப்பதால் அந்நூலுக்கு நன்மை விளையாது. வடசொற்கள் மிகுதி. கருணை, மகத்துவம் போன்றவற்றோடு நில்லாமல் கிறித்தவ இறையியலுக்கென ஆக்கிக்கொண்ட நெடுந்தொடர்களும் அடர்ந்து வருகின்றன. நூற்பெயரே முதல் தடையாய் நிற்கிறது. இரட்சணியம் என்றால் மீட்பு, யாத்திரிகம் என்றால் பயணம் என்று சொல்லியே தொடங்கவேண்டியுள்ளது. பண்புகளுக்கு மனித உருக் கொடுத்து நடத்தும் உருவகக் கதையாதலால் நெடுவழியில் பல இடங்களில் உயிர் குன்றி அறிவுரை மேலோங்குகிறது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவர்க்குப் பெருமை சேர்த்தது போலவே கேடும் செய்தது. கம்பரின் நிழலைத் தேடிச் செல்வோர் கம்பர் இல்லாமை கண்டு திரும்பிவிடுகின்றனர். கம்பரிடம் கற்ற விருத்தப்பா நடை வருணனைகளில் மிகையாகிறது. ஆயின் பாடுகளின் படலத்தில் அந்நடையே கைகொடுக்கிறது: விரைந்து செல்ல விரும்பும் வாசகனை அது நிறுத்தி நிறுத்தி நடத்துகிறது.

யூதரைக் குறித்து அப்படலத்தில் வரும் கடுஞ்சொற்கள் இன்றைய வாசகனை உறுத்தும்; உறுத்தவும் வேண்டும். இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் பழித்தல் தகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளிப்படையாக அறிவித்தது. கிருட்டிணபிள்ளை அதற்கு எழுபது ஆண்டு முற்பட்டவர். தம் காலத்துச் சபைகளின் வழக்கையே பின்பற்றினார். ஆனால் அவருடைய கவிதை அவரைவிட ஒரு படி மேலே நின்றது எனலாம். கயிற்றுப் பாடலில் அன்பைப் பெறுவோராக அவர் சுட்டுவது ஓர் இனத்தையன்று, மானிட மக்களையே. இழிந்தவர் என்னும் அடைமொழி எருசலேம் வீதியில் நின்றாரோடு முடியாமல் நூலைக் கையில் ஏந்தியிருப்பாரையும் வந்து சேர்கிறது. ஆசிரியர் இப்படலத்தைக் கற்பிக்கும்போது இவ்விரண்டையும், குறையையும் அதனைக் கடந்த இடத்தையும், மாணவர்க்குச் சேர்த்தே காட்டுதல் கடன்.

இத்துணை இருந்தும் இந்நூல் எவர் கையிலும் நிலைத்து நிற்கவில்லை. கிறித்தவர்க்குத் தமிழ் கடினமாயிருக்கிறது. தமிழ் அறிந்த பிறர்க்குக் கிறித்தவம் அயலாயிருக்கிறது. இடையே நூல் அலமாரியில் தூசு படிகிறது. முழு நூலையும் அச்சிட்டு மக்களிடம் கொண்டுசெல்லுதல் இயலாதெனினும், இரட்சணிய சரித படலத்தை மட்டும் பிரித்து, சந்தி பிரித்த பாடமும் எளிய உரையும் சேர்த்துச் சிறு நூலாக்குதல் எழுத்தாளர் சங்கங்களும் சபைகளும் கூடிச் செய்யத்தக்க வேலை. தவக்காலம் ஏறத்தாழ ஆறரை வாரம். நாளுக்குச் சில பாடல்களாகப் படித்தால் படலம் முழுதையும் கடந்துவிடலாம். வைணவப் பின்னணியையும் திருவிளையாடலையும் உரையில் சுட்டிக்காட்டினால் இந்து மாணவனும் தன் வீட்டு வாயில் வழியாகவே உள்ளே வருவான்.

அவ்வாயில் முற்றும் அடைபட்டுப் போகவுமில்லை. கிருட்டிணபிள்ளை தம் காப்பியத்தினிடையே தேவாரம் எனப் பெயரிட்டு இசைப்பாடல்களை அமைத்தார். அவற்றுள் ஒன்று சீர்திருத்தச் சபைகளின் பாடற்புத்தகத்தில் இடம்பெற்று, தமிழ் வழிபாடு நடக்கும் ஆலயங்களில் இன்றும் பாடப்படுகிறது. பாடுவோரிற் பலர்க்கு அது ஒரு காப்பியத்தின் பகுதி என்பது தெரியாது. ஆக்கியோன் பெயரும் தெரியாது. சைவக் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுப் பழகிய செவியுடையார் ஒருவர் அவ்வாலய வாயிலைக் கடந்து செல்ல நேர்ந்தால், சுந்தரர் தேவாரத்தின் நடையை அதில் அடையாளம் கண்டு ஒரு கணம் நிற்பார்.